எந்த மாட்டுக்கு எந்தத் தாது உப்பு?

தமிழகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் மாடு வளர்ப்போர் சிலரே. எனினும் அச்சிலர் பல திறத்தினர். பெங்களூரின் புறநகரில் இரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் ஊற்றும் குடும்பத்தார் உளர். பணி ஓய்வு பெற்றபின் தில்லிக்கு அப்பால் சிறிது நிலம் வாங்கி, முர்ரா எருமை ஒன்றைக் கட்டி வைத்திருப்போர் உளர். தாம் மாடு வளர்க்காவிடினும், ஊரில் இருக்கும் தமையனாருக்குத் தீவனச் செலவுக்கென்று மாதந்தோறும் பணம் அனுப்புவோர் இன்னும் மிகுதி. இம்மூவகையினரும் என்றேனும் ஒருநாள் ஒரே கேள்வியை எதிர்கொள்வர். கிடாரி வயதாகியும் பருவத்துக்கு வரவில்லை. அல்லது மும்முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அல்லது ஈன்ற மாடு எலும்புந் தோலுமாய் நிற்கிறது. தீவனக் கடைக்காரர் பளபளப்பான பை ஒன்றை எடுத்து முன்னே வைத்து, 'இதைக் கொடுங்கள், எல்லாம் சரியாகும்' என்கிறார். அப்பையின் பின்புறம் இருபது சத்துக்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. வாங்குவதா, வேண்டாவா? வாங்கின், எதனை வாங்குவது?

இது சிறு செய்தி அன்று. சினை பிடிக்காத மாடு ஒவ்வொரு மாதமும் தீனியைத் தின்றுகொண்டு பாலின்றி நிற்கும். ஒன்றிரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்துக்கு, பயனின்றிக் கழியும் ஆறு மாதம் கடனாளியாவதற்குப் போதுமான காலம். அங்ஙனம் இடருற்று நிற்பவரிடந்தான் தேவையற்ற பை எளிதில் விலை போகிறது.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். 'மினரல் மிக்சர்' என்பதனைத் தமிழில் 'தாது உப்புக் கலவை' என்று வழங்குகிறோம். அரசாங்கக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியிலிருக்கும் நாம் இச்சொல்லைப் பலகாலும் எழுதுகின்றோம். எழுதும்போதெல்லாம் ஓர் ஐயமும் கொள்கின்றோம். 'உப்பு' என்றவுடன் கேட்போர் மனத்தில் எழுவது சமையல் உப்பன்றோ? 'கழுநீரில் தினமும் ஒரு கைப்பிடி உப்புப் போடுகிறோமே, வேறு தாது உப்பு எதற்கு?' என்று கேட்போரை நாம் கண்டதுண்டு. கறியுப்பு தருவது சோடியமும் குளோரினும் மட்டுமே. எலும்புக்கு வேண்டும் சுண்ணச்சத்தும் பாஸ்பரசும், குருதிக்கும் மயிருக்கும் வேண்டும் செம்பும், தோலுக்கும் குளம்புக்கும் கருப்பைக்கும் வேண்டும் துத்தநாகமும் அதில் இல்லை. வேதியியலார் கருத்தில் இவை யாவும் உப்புக்களே. மாட்டுக்காரர்க்கோ உப்பு ஒன்றே. கொட்டிலில் தொங்கும் உப்புக்கட்டியைத் தாது உப்பு என்று எண்ணிவிடுவதற்கு இச்சொல்லும் ஒரு காரணமாகும்.

இத்துறை அறிவு பிறந்த கதை சுவையுடையது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் இறைச்சிக்கென வளர்க்கப்பட்ட மாடுகள் ஒரு விந்தையான நோயால் மடிந்துவந்தன. கால் தளர்ந்து, படுத்து, நாவும் தொண்டையும் செயலிழந்து அவை மாண்டன. நொண்டி நோய் எனப் பொருள்படும் 'லாம்சீக்தெ' என்னும் பெயரால் அதனை அந்நாட்டார் அழைத்தனர். சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஆர்னால்டு தைலர் என்பார், விரைபர்க் என்னும் ஊருக்கு அருகில் தம் துணைவர்களுடன் இதனை ஆராய்ந்தார். நோய்கொண்ட மாடுகள் அதற்குமுன் ஒரு செயலைச் செய்துவந்தன. வெளியில் செத்துக் கிடந்த பிராணிகளின் எலும்புகளைத் தேடித் தேடி அவை கடித்துத் தின்றன! அவ்வெலும்புகளில் ஒட்டியிருந்த அழுகிய தசையில் ஒரு கொடிய நுண்ணுயிரின் நஞ்சு இருந்தது. கொன்றது அந்நஞ்சே. ஆயின் புல் மேயும் பிராணி எலும்பை நாடியது ஏன்? அங்குள்ள மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. ஆதலின் புல்லிலும் குறைவு. ஆதலின் மாட்டின் உடலிலும் குறைவு. உடல் தன் குறையை உணர்ந்து, அக்குறை தீரும் இடத்தைத் தேடிற்று. 1919, 1920 ஆம் ஆண்டுகளில் தைலர் குழுவினர் மாடுகளுக்கு எலும்புத்தூளை ஊட்டிப் பார்த்தனர். எலும்பைத் தேடும் வெறி தணிந்தது, சாவு குறைந்தது. அதனோடு எதிர்பாராத நன்மையாக, அம்மாடுகள் எடை கூடி நன்றாகக் கன்றும் ஈன்றன.

இக்கதை கடல் கடந்த நாட்டோடு முடியவில்லை. இராசத்தானத்தில் ஜெய்சல்மேர், பார்மேர்ப் பகுதிகளில் 'கர்ரா' என்று வழங்கும் நோயால் கோடைதோறும் பசுக்கள் விழுகின்றன. அங்கும் பசுக்கள் எலும்பைத் தின்கின்றன; அங்கும் அதே நஞ்சு; அங்கும் பாஸ்பரஸ் பற்றாக்குறையே மூலம். ஆதலின் மாடு எலும்பையோ, செங்கல்லையோ, துணியையோ, மண்ணையோ கவ்வி மெல்லக் கண்டால் அதனைத் 'துடுக்கு' என்று அதட்டி விடுதல் கூடாது. வயிற்றுப் பூச்சியாலும் இவ்வியல்பு நேரலாம். எனினும் பாஸ்பரஸ் குறைவை முதலில் ஐயுறுதல் தகும்.

எலும்புத்தூளைப்பற்றி இங்கேயே ஒன்று கூறிவிடுவோம். தைலர் காலத்தில் அது மருந்தாயிற்று. இன்று பசுவுக்கும் எருமைக்கும் அது தக்கதன்று. 1986 ஆம் ஆண்டில் பிரிட்டனில் கண்டறியப்பட்ட மாட்டு மூளைநோய், மாட்டின் இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளை மாட்டுக்கே ஊட்டியதால் பரவிற்று என்று தெளிந்து, 1988 இல் அந்நாட்டார் அவ்வழக்கத்தைத் தடுத்தனர். இந்நாளில் நல்ல கலவைகளில் பாஸ்பரசைத் தருவது பாறையிலிருந்து செய்யப்படும் டைகால்சியம் பாஸ்பேட் என்னும் பொருளாகும்.

இனி, மாட்டுக்கு வேண்டுவது எவ்வளவு என்று சிறிது கணக்கிடுவோம். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணச்சத்தும், 1 கிராமுக்குச் சற்றுக் குறையப் பாஸ்பரசும் உள்ளன. எருமைப்பாலில் இவை இன்னும் மிகுதி. பத்து லிட்டர் கறக்கும் பசு, நாள்தோறும் 12 கிராம் சுண்ணச்சத்தைப் பாலோடு வெளியே விடுகிறது. தின்பதில் பாதிக்கும் குறைவான சுண்ணச்சத்தே உடலில் சேருமாதலின், பாலுக்கு மட்டும் 25 கிராமுக்கு மேல் தீனியில் இருத்தல் வேண்டும். இல்லையேல் பசு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கன்றுக்கும் நமக்கும் கொடுக்கிறது. உடலிலுள்ள சுண்ணச்சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருப்பதால், இக்கொடை சில மாதங்கள் கண்ணுக்குப் புலப்படாது நடக்கும். பால் குறையாது, பசுதான் குறையும்.

இப்பொழுது தொட்டியைப் பார்ப்போம். நெல் வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆறு கிலோ தின்றாலும் ஆறு கிராம் கிடைப்பதே அரிது. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் இருக்கும் சுண்ணச்சத்தையும் பிணைத்து வைத்துக்கொள்ளும். தவிடோ இதற்கு நேர்மாறு. அரிசித் தவிடாயினும் கோதுமைத் தவிடாயினும், ஒரு கிலோவில் பத்துக் கிராமுக்குமேல் பாஸ்பரஸ் உண்டு. சுண்ணச்சத்து மிகச் சிறிது. தவிட்டுப் பாஸ்பரஸ் கோழிக்கு எளிதில் பயன்படாத வடிவிலுள்ளது. அசைபோடும் பிராணியின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உடைத்துத் தருகின்றன. அகத்தி, குதிரைமசால், பெர்சீம் போன்ற பயறுவகைப் பசுந்தீவனங்களில் சுண்ணச்சத்து மிகுதி. ஆகவே வைக்கோலும் தண்ணீருமாக நிற்கும் மாட்டுக்கும், இரண்டு கிலோ தவிடும் பிண்ணாக்கும் தின்னும் மாட்டுக்கும், குளிர்காலம் முழுதும் பெர்சீம் தின்னும் மாட்டுக்கும் குறைகள் வெவ்வேறாம். ஒரே பை மூன்றுக்கும் ஒருங்கே பொருந்துமாறு எங்ஙனம்?

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள் கருத வேண்டுவது இவ்விடந்தான். ஊரில் பயன் தந்த பையையே இங்கும் தேடுவதும், இங்கு வாங்கிய பையை ஊருக்கு அனுப்புவதும் நம்மவரிடையே உள்ள வழக்கம். அன்பின் பாற்பட்ட வழக்கமே. ஆயினும் மண் மாறினால் தீனி மாறும், தீனி மாறினால் குறை மாறும். பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் எருமைகள் ஈன்ற சில நாட்களில் சிறுநீர் குருதிநிறமாய்க் கழிவதுண்டு. குருதியணுக்கள் சிதைவதால் நேரும் இக்கொடிய நோய்க்குப் பாஸ்பரஸ் குறைவு ஒரு முக்கிய காரணம் என்பர். அவ்வெருமைக்குச் சுண்ணாம்பு மிகுந்து பாஸ்பரஸ் குறைந்த மலிவுக் கலவையைக் கொடுத்தல், பசித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தது போலாகும்.

அதே பஞ்சாபில், நவான்ஷகர், ஓஷியார்ப்பூர் வட்டாரங்களில் சில ஊர்களின் மண்ணில் செலீனியம் அளவுக்கு மீறி இருக்கிறது. அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு மயிர் உதிர்ந்து, கொம்பும் குளம்பும் வெடிப்பதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டுள்ளனர். செலீனியம் வேண்டாத பொருள் அன்று. ஒரு கிலோ தீவனத்துக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் வரை வேண்டும். சில மில்லிகிராம் ஆகிவிட்டால் அதுவே நஞ்சு. வேறு மாநிலத்தில் 'செலீனியம் சேர்ந்தது' என்பது ஒரு பைக்குச் சிறப்பாகலாம். இவ்வூர்களில் அதுவே அப்பையை ஒதுக்குவதற்குக் காரணமாகும்.

இமயமலை அடிவாரத்தில் குறைவது அயோடின். மனிதருக்குக் கழுத்துக்கழலை வரும் மண்ணில், செத்துப் பிறக்கும் கன்றும் மயிரின்றிப் பிறக்கும் கன்றும் வியப்பல்ல. காங்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் மக்களின் கழலை நோய் குறைவதை உலகுக்குக் காட்டிற்று. இமாசலத்தில் பணிபுரியும் நேயர்கள் தம் சமையலறை உப்பை நினைந்தால், மாட்டின் தேவையும் எளிதில் விளங்கும்.

நாடெங்கும் பரவலான குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின் துத்தநாகத்தைச் சொல்லலாம். பந்த்நகரில் நெற்பயிரைத் தாக்கிய 'கைரா' என்னும் நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என 1966 இல் காட்டப்பட்டது. பயிருக்கு இல்லாதது வைக்கோலுக்கு ஏது? வைக்கோலுக்கு இல்லாதது மாட்டுக்கு ஏது? இரும்போ பெரும்பாலும் போதுமான அளவுக்கு மேலேயே நம் தீவனங்களில் இருக்கிறது.

இரும்பைப்பற்றிப் பேசும்பொழுது பையின் நிறத்தைப்பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. சில கலவைகள் அழகிய செந்நிறமாய் இருக்கும். அது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடின் நிறம். எளிய சொல்லில் கூறின் துரு. மாட்டின் உடல் அதனை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. இரும்பு மிகுந்தால் செம்பு உடலில் சேர்வதும் தடைப்படும். செம்பும் எவ்வடிவில் இருக்கிறது என்று பார்த்தல் வேண்டும். மயில்துத்தம் எனப்படும் செம்புச் சல்பேட்டு நன்கு உடலில் சேரும். செம்பு ஆக்சைடுப் பொடி அங்ஙனம் சேராது. இரண்டு பைகளிலும் 'செம்பு' என்ற சொல் ஒரே அளவான எழுத்தில்தான் அச்சாகியிருக்கும்! செம்புக்கு வேறொரு பகையும் உண்டு. இங்கிலாந்தின் சாமர்செட்டு மாவட்டத்தில் சில புல்வெளிகளில் மேய்ந்த மாடுகள் ஓயாது கழிந்து மெலிந்தன. அப்புல்லில் மிகுந்திருந்த மாலிப்டினம் செம்பைப் பிணைத்து வீணாக்கியதே காரணம் என்று பின்னர் அறிந்து, மயில்துத்தத்தை அளவோடு கொடுத்துத் தீர்த்தனர். செம்பு குறைந்த மாட்டின் கருமயிர் பழுப்பேறும். கண்ணைச் சுற்றி வெளிறும். கருத்த எருமை துருப்பிடித்தாற்போல் தோன்றின் வெயிலை மட்டும் பழித்தல் வேண்டா.

ஆகவே பையை எடுத்தவுடன் எத்தனை சத்துக்கள் என்று எண்ணுவதைக் காட்டிலும், பாஸ்பரஸ் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதே அறிவுடைமை. கலவையில் விலையுயர்ந்த சரக்கு அதுவே. ஆதலின் ஏமாற்ற நினைப்போர் முதலில் குறைப்பதும் அதுவே. சுண்ணாம்புக்கல் தூள் மலிவு; அதைக் கொண்டு பையை நிரப்புதல் எளிது. உப்புச் சேராத நல்ல கலவையில் பாஸ்பரஸ் நூற்றுக்கு 12 அளவில் இருக்கும். அதில் நூறு கிராம் கொடுத்தால் 12 கிராம் பாஸ்பரஸ் சேரும். நூற்றுக்கு 4 மட்டும் உள்ள பை பாதி விலைக்குக் கிடைத்தாலும் மலிவாகாது. மாட்டுத் தீவனத் தாது உப்புக் கலவைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1664 என்னும் எண்ணுடைய தரத்தை வகுத்துள்ளது. அதன் குறி பையில் இருத்தல் நன்று. அத்தரம் புளோரின் என்னும் பொருளுக்கு உச்ச வரம்பும் விதிக்கிறது. பக்குவப்படுத்தாத பாஸ்பேட்டுப் பாறைத்தூளில் புளோரின் மிகுதி. நல்கொண்டா போன்று குடிநீரிலேயே அது மிகுந்துள்ள வட்டாரங்களில், பல்லும் எலும்பும் கெடுதற்கு இன்னொரு வாயிலைத் திறத்தல் ஆகாது.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படிப்போர் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளல் வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இறைச்சி மாடுகள் பரந்த புல்வெளியில் தாமே மேய்வன. அவற்றுக்குத் தாது உப்பைத் தொட்டியில் திறந்து வைத்துவிடுவர்; மாடு வேண்டியபோது வந்து தின்னும். மாடு உண்மையில் விரும்பி வருவது உப்புச் சுவைக்கு. ஆதலின் கலவையில் உப்பைக் கூட்டியும் குறைத்தும், அது தின்னும் அளவை அவர்கள் ஒழுங்கு செய்வர். நிலத்தடி நீர் உவர்ப்பாயுள்ள இடத்தில் மாட்டுக்கு உப்பு ஆசை இல்லை, கலவையைத் தீண்டாது. நம் வீட்டு மாடோ கட்டுத்தறியில் நிற்பது. அளந்து தவிட்டில் பிசைந்து கொடுக்கும் வசதி நமக்கு உண்டு. அதனை விட்டுவிட்டு, கட்டியைத் தொங்கவிட்டு நக்க விடுதல் வீணே. கடினமான கட்டியை நாவால் நக்கி மாடு பெறுவது சிறிதளவே.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம், நிறையக் கறக்கும் மாட்டுக்கு 100 கிராமோ சற்று மேலோ, கன்றுக்கு 20 அல்லது 25 கிராம் என்பது பொதுவான வழக்கு. பையில் குறித்துள்ள அளவையும் ஒப்பிட்டுக்கொள்க. மிகுந்த பால் கறக்கும் பசுவுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஈனுதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் சுண்ணச்சத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை உடல் மறந்துவிடும். கன்று ஈன்று பால் பெருகுங்கால் திடீரென எடுக்க வகையறியாமல் பசு நிலைகுலைந்து வீழும். 'பால் காய்ச்சல்' எனப்படும் அந்நிலைக்குக் காய்ச்சல் என்ற பெயர்தான் உண்டு. உடல் சூடு குறைந்து காது குளிர்ந்திருக்கும். அந்நாட்களில் கொடுப்பதை மருத்துவரைக் கேட்டுக் கொடுப்பது நலம். இன்னொரு விலக்கு ஆட்டுக்கு. மாட்டுக் கலவையிலுள்ள செம்பு செம்மறியாட்டின் ஈரலில் தங்கி அதனைக் கொன்றுவிடக்கூடும். ஒரே கொட்டிலில் இரண்டையும் வைத்திருப்போர் தொட்டியைப் பிரித்து வைப்பாராக.

இவ்வளவும் கேட்டபின், 'எம் வட்டாரத்துக் குறை இன்னதென்று எங்ஙனம் அறிவது?' என்று நேயர்கள் வினவுதல் இயல்பு. அவ்வேலையைப் பிறர் நமக்காகச் செய்து வைத்துள்ளனர். பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டவியல் மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தாரும், ஆனந்தில் தலைமையகம் கொண்ட தேசியப் பால்வள வாரியத்தாரும், பல மாநிலங்களின் தீவனங்களைச் சோதித்து வட்டாரத்துக்கேற்ற கலவைகளை வகுத்துள்ளனர். பஞ்சாபில் இருப்போர் லூதியானாவிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தையும், ஊருக்கு வாங்க விரும்புவோர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தையும் நாடலாம். இருவரும் தத்தம் மாநிலத்துக்கெனக் கலவை தயாரித்து விற்கின்றனர். கூட்டுறவுப் பால் சங்கத்திலும் கேட்கலாம். கேட்கும்பொழுது மாட்டின் நோயை மட்டும் கூறாமல், அது நாள்தோறும் தின்பது என்ன, எவ்வளவு கறக்கிறது என்பதையும் கூறுக.

பசியோடு நிற்கும் மாட்டைத் தாது உப்பு காப்பாற்றாது. வயிறு நிறையாத மாடும், குடற்புழு நிறைந்த மாடும், பருவ அறிகுறி கவனிக்கப்படாது தவறிய மாடும் சினை பிடியாமைக்குத் தாது உப்பின்மை காரணம் அன்று. அவற்றைச் சரிசெய்தபின் கலவையைத் தொடங்கினாலும், பயன் உடனே தோன்றாது. எலும்பில் குறைந்தது நிரம்பிப் பருவச் சுழற்சி திருந்த இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாள் கொடுத்துவிட்டுப் பையை மாற்றுவோர், பத்துப் பை மாற்றியும் ஒன்றின் பயனையும் காணார். பிரித்த பையை ஈரம் படாத இடத்தில் வாயைக் கட்டி வைத்து, கட்டி பிடித்திருந்தால் உடைத்துத் தவிட்டோடு நன்றாகக் கலந்து, காலை பாதியும் மாலை பாதியுமாகக் கொடுத்துவருக.